கருப்பா ‘இருந்தாலும்’: சுந்தரிக்குப் போடப்பட்ட நிபந்தனை

2019 மார்ச்சில் வெளிவந்த ‘ஐரா’ படத்தில் பவானி என்றொரு பாத்திரம் உண்டு. கருப்பாகப் பிறந்ததற்காகக் காலமெல்லாம் ஒதுக்கப்பட்டவள். சிறுவயதுப் பவானியாக நடித்தவர் கேப்ரியல்லா செல்லஸ். அந்தப் பவானி வளர்ந்து கதையின் மையத்துக்கு வரும்போது திரையில் இருப்பவர் நயன்தாரா, முகத்திலும் கையிலும் கருமை பூசிய நயன்தாரா. கருப்பான பெண்ணின் துயரத்தைச் சொல்ல வந்த படத்துக்கே கருப்பான பெண் பாதி வழிவரைதான் தேவைப்பட்டார். மீதி வழிக்கு ஒப்பனைப் பெட்டி போதுமானதாக இருந்தது.

இரண்டு ஆண்டுகள் கழித்து, 2021 பிப்ரவரியில், சன் தொலைக்காட்சியில் ‘சுந்தரி’ தொடங்கியது. அதே கேப்ரியல்லா இப்போது கதாநாயகி. தொடரின் பெயரே அவருடைய பாத்திரத்தின் பெயர். நம் வரவேற்பறைகளில் பால்நிற மருமகள்களே உலவிக்கொண்டிருந்த நேரத்தில் இது சிறிய செய்தியாக இல்லை. அதை நான் குறைத்துப் பேசப் போவதில்லை. ஆனால் அந்த நாற்காலி அவருக்கு எந்த நிபந்தனையின் பேரில் கொடுக்கப்பட்டது என்பதைப் பேசியாக வேண்டும்.

தொலைக்காட்சித் தொடர்களையும் அவற்றைப் பார்க்கும் கிராமப்புறப் பெண்களையும் பற்றியது என் முனைவர் பட்ட ஆய்வு. அதற்காகக் காளையார்கோவிலைச் சுற்றியுள்ள சேரிகளிலும் ஊர்த்தெருக்களிலும் பல மாலைப் பொழுதுகளைக் கழித்திருக்கிறேன். நூறுநாள் வேலைக்குப் போய்வந்த பெண்கள், கண்மாய்க் கரையில் சீமைக்கருவேலம் வெட்டி மூட்டம் போட்டுக் கரி எடுக்கும் பெண்கள், கல்லூரிக்குப் பேருந்து ஏறும் அவர்களுடைய பிள்ளைகள் என எல்லோருக்கும் சுந்தரியைத் தெரிந்திருந்தது. “நம்ம புள்ள மாதிரியே இருக்கு” என்றார் ஓர் அப்பத்தா. அந்தச் சொல்லில் இருந்த மகிழ்ச்சி உண்மையானது. அடுத்த மூச்சிலேயே அவர் சொன்னார்: “கருப்பா இருந்தாலும் களையா இருக்கா.”

தமிழில் பெண்ணின் நிறத்தைப் பற்றிச் சொல்லப்படும் மிகக் கனிவான வாக்கியம் இதுதான். இந்தக் கனிவுக்குள் ஒரு தீர்ப்பு ஒளிந்திருக்கிறது. ‘சிவப்பா இருந்தாலும் களையா இருக்கா’ என்று யாரும் சொல்வதில்லை. ‘இருந்தாலும்’ என்ற சொல் கருப்புக்கு மட்டுமே ஒதுக்கப்பட்டது. முதலில் குற்றத்தைப் பதிவு செய்துவிட்டு, பிறகு பெருந்தன்மையாக மன்னிக்கும் சொல் அது. ‘சுந்தரி’ தொடரின் மொத்தக் கட்டமைப்பும் இந்த ‘இருந்தாலும்’ மேல்தான் நிற்கிறது. கருப்பாக இருந்தாலும் நல்லவள், திறமைசாலி, கலெக்டர் ஆகிவிட்டாள்.

கதை தெரிந்ததுதான். ஆட்சியர் கனவோடு இருக்கும் கிராமத்துப் பெண் சுந்தரி. குடும்பத்தின் வற்புறுத்தலால் அவளை மணக்கும் கார்த்திக், அவள் நிறத்தைக் கண்டு வெறுத்து, உண்மையை மறைத்து, சிவப்பான அனுவையும் மணந்துகொள்கிறான். சுந்தரி தாங்கிக்கொள்கிறாள், படிக்கிறாள், ஜெயிக்கிறாள். இரண்டு ஆண்டுகள் முன்னதாக, 2019இல் விஜய் தொலைக்காட்சியில் தொடங்கிய ‘பாரதி கண்ணம்மா’வும் இதே தடத்தில் வந்ததுதான். அதில் கண்ணம்மாவாக நடித்துப் புகழ்பெற்ற ரோஷினி ஹரிப்ரியன் 2021இல் விலகிக்கொண்டார். வினுஷா தேவி அந்த இடத்துக்கு வந்தார். கதை தடையில்லாமல் ஓடியது. நடிகை மாறலாம், நிறம் மாறக்கூடாது. ஏனெனில் அங்கே நிறம்தான் பாத்திரம்.

நிபந்தனை இதுதான்: கருப்பான பெண் கதாநாயகி ஆகலாம், கதை அவள் கருப்பைப் பற்றியதாக இருக்கும்வரை. அவள் வெறுமனே காதலிக்க முடியாது, கடை நடத்த முடியாது, துப்பறிய முடியாது, தோழியோடு ஊர் சுற்ற முடியாது. வரும் ஒவ்வொரு காட்சியிலும் தன் நிறத்துக்கு விளக்கம் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும்.

இந்த நிபந்தனை நேற்று உருவானதில்லை. எங்கள் மாவட்டத்துக்கும் இந்த வரலாற்றில் ஒரு தொடர்பு இருக்கிறது. 1940களின் நடுவில் ஏ.வி.எம். ஸ்டுடியோ காரைக்குடியில், தேவகோட்டைச் சாலையில்தான் இயங்கியது. ‘நாம் இருவர்’ (1947) அங்கே உருவான படம். பிறகு ஸ்டுடியோ கோடம்பாக்கம் போனது. அதே ஏ.வி.எம். 1963இல் எடுத்த ‘நானும் ஒரு பெண்’ படத்தின் நாயகி, கருப்பு நிறத்துக்காகப் புகுந்த வீட்டில் அவமானப்பட்டு, பொறுமையாலும் பணிவிடையாலும் எல்லோர் மனதையும் வெல்லும் மருமகள். நடித்தவர் விஜயகுமாரி, கருமை பூசிக்கொண்டு. அந்தக் கதை இந்திக்கும் தெலுங்குக்கும் போனபோது, பாத்திரம் மீனாகுமாரிக்கும் சாவித்திரிக்கும் போனது. 1963இன் கல்யாணிக்கும் 2019இன் பவானிக்கும் நடுவே 56 ஆண்டுகள். இத்தனை ஆண்டுகளில் நாம் அடைந்த முன்னேற்றம், மருமகள் பணிவிடை செய்து வென்ற இடத்தில் இப்போது தேர்வெழுதி வெல்கிறாள் என்பதும், ஒப்பனைக்குப் பதில் சில சமயம் உண்மையான கருப்பான பெண்ணே நடிக்கிறார் என்பதும்தான்.

இங்கே ஒரு தெளிவு தேவை. நிறமும் சாதியும் ஒன்றல்ல. அண்ணல் அம்பேத்கர் ‘சாதி ஒழிப்பு’ நூலில், 1936இலேயே, சாதி என்பது இனப்பிரிவு என்ற வாதத்தை உடைத்துப் போட்டார். பஞ்சாபின் பார்ப்பனரும் பஞ்சாபின் தீண்டப்படாதவரும் ஒரே இனத்தவர், சென்னை மாகாணத்தின் பார்ப்பனரும் பறையரும் அப்படியே என்பது அவர் வாதம். எல்லாச் சாதியிலும் கருப்பர்கள் இருக்கிறார்கள், சிவப்பர்களும் இருக்கிறார்கள். தோலைப் பார்த்துச் சாதியைச் சொல்லிவிட முடியாது.

ஆனால் சமூகம் அப்படிச் சொல்ல முயன்றுகொண்டே இருக்கிறது. கருத்த பார்ப்பனரையும் சிவத்த தாழ்த்தப்பட்டவரையும் நம்பாதே என்ற பொருளில் தமிழில் ஒரு பழமொழி புழங்குகிறது. அதன் அர்த்தம் என்ன? ஒவ்வொரு சாதிக்கும் ஒரு நிறத்தை ஒதுக்கி வைத்திருக்கிறோம், அந்த ஒதுக்கீட்டை மீறிப் பிறந்தவர் சந்தேகத்துக்குரியவர் என்பதுதானே? வெயிலில் நாற்று நட்டவர், கரிமூட்டத்தில் நின்றவர் தோல் கறுக்கும். நிழலில் இருந்து வேலை வாங்கியவர் தோல் கறுக்காது. யார் வெயிலில் நிற்பது என்பதைத் தீர்மானித்தது சாதி. ஆகவே கருப்பின் மீதான அருவருப்பு, உழைப்பின் மீதும் உழைக்க வைக்கப்பட்டவர் மீதும் உள்ள அருவருப்பிலிருந்து பிரிக்க முடியாதது. பெண் பார்க்கும் சடங்கில் நிறம் இவ்வளவு கனமாக எடை போடப்படுவதும் தற்செயல் இல்லை. சாதியைக் காப்பாற்றும் வேலி அகமணம் என்று 1916லேயே அம்பேத்கர் சொன்னார். அந்த வேலிக்குள் பெண்ணை மதிப்பிடும் தராசுகளில் ஒன்றுதான் நிறம்.

‘சுந்தரி’யும் ‘கண்ணம்மா’வும் செய்வது இந்த வரலாற்றை நறுக்கி எடுத்துவிடுவதை. நிறவெறுப்பு அங்கே ஒரு கொடுமைக்காரக் கணவனின் கோளாறு, ஒரு மாமியாரின் திமிர். அதற்கு மருந்தும் தனிப்பட்டது: சுந்தரி படித்து முன்னேறிவிட்டால் போதும். 2020இல், அமெரிக்காவில் ஜார்ஜ் ஃபிளாய்ட் கொலையை ஒட்டிய போராட்டங்கள் உலகை உலுக்கியபோது, 1975 முதல் விற்றுவந்த ‘ஃபேர் அண்ட் லவ்லி’ தன் பெயரில் இருந்த ‘ஃபேர்’ என்ற சொல்லைக் கைவிட்டு ‘க்ளோ அண்ட் லவ்லி’ ஆனது. களிம்பு அப்படியே இருந்தது. நம் தொடர்களின் முற்போக்கும் பெரும்பாலும் இந்தப் பெயர்மாற்ற வகையைச் சேர்ந்தது.

ஆய்வின்போது, இரண்டாம் ஆண்டு பி.ஏ. படிக்கும் ஒரு பெண் என்னிடம் கேட்டாள்: “கலெக்டர் ஆகலேன்னா சுந்தரி என்னக்கா பண்ணுவா?” நான் படித்த எந்த ஊடகக் கோட்பாட்டிலும் இவ்வளவு கூர்மையான கேள்வி இல்லை. ஆட்சியர் ஆகாத, அங்கன்வாடி உதவியாளராகவோ துணிக்கடைப் பணிப்பெண்ணாகவோ இருக்கும் கருப்பான பெண்ணுக்கு மரியாதை கிடையாதா? அது மட்டுமில்லை, எங்கள் பகுதியிலிருந்து ஒரு பெண் ஆட்சியர் கனவு காண வேண்டுமென்றால் அந்தக் கனவுக்குள் ஆதிதிராவிடர் நல விடுதி இருக்கும், தாமதமாக வரும் உதவித்தொகை இருக்கும், இடஒதுக்கீடு இருக்கும், ‘கோட்டா’ என்று முதுகுக்குப் பின்னால் பேசும் வாய்கள் இருக்கும். தொடரின் சுந்தரி ஏறும் படிகளில் இவற்றின் சுவடு இல்லை. அவள் ‘திறமை’யால் மட்டுமே ஏறுகிறாள். இடஒதுக்கீட்டுக்கு எதிராக வரவேற்பறைகளில் பேசப்படும் அதே ‘திறமை’.

இனி நடிகைகளின் தொழில்வாழ்க்கைக்கு வருவோம். ஐஸ்வர்யா ராஜேஷ் தொலைக்காட்சியிலிருந்து வந்தவர். சன் டிவியில் ‘அசத்தப் போவது யாரு’ நிகழ்ச்சித் தொகுப்பாளர், ‘மானாட மயிலாட’ நடன நிகழ்ச்சியின் வெற்றியாளர், பிறகு ‘அட்டகத்தி’ (2012) போன்ற படங்களில் சிறு பாத்திரங்கள். தேசிய விருது பெற்ற ‘காக்கா முட்டை’யில் இரண்டு பையன்களுக்குத் தாய். அவர் வயது நடிகைகள் தயங்கும் வேடம். 2020இல் திருச்சியில் ஆற்றிய டெட்எக்ஸ் உரையில், தன் நிறத்தைக் காட்டி நாயகி வாய்ப்பு மறுக்கப்பட்டதையும், நகைச்சுவை நடிகருக்கு ஜோடியாக நடிக்கலாமே என்று சொல்லப்பட்டதையும் அவரே விவரித்தார். ‘கனா’ (2018) மாதிரி தன் தோளில் தாங்கும் படம் வருவதற்கு அவருக்கு எத்தனை வருடம் பிடித்தது என்று கணக்குப் பாருங்கள். அதே காலத்தில் தமிழ் தெரியாத எத்தனை நாயகிகள் முதல் படத்திலேயே சுவரொட்டியில் பாதி இடம் பிடித்தார்கள் என்றும் பாருங்கள். தமிழகத்தில் தமிழ்ப்பெண் நடிக்க முடியவில்லை என்று சிலர் இனவாதக் கூச்சல் போடுவார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. யாரும் எங்கிருந்தும் வந்து நடிக்கலாம். வருகிறவர்களை எந்த நிறத்தில் தேடிப் பிடித்துக் கொண்டு வருகிறார்கள் என்பதே என் கேள்வி.

கேப்ரியல்லாவுக்கு ‘சுந்தரி’க்கு இடையில் ‘என் 4’ (2023) வந்தது. காசிமேட்டு மக்களைப் பற்றிய படம். ரோஷினி ‘கருடன்’ (2024), ‘மெட்ராஸ் மேட்னி’ (2025) என நகர்ந்திருக்கிறார். இவர்கள் நடிக்கும் விதத்தில் எனக்கு ஐயம் எதுவும் இல்லை. ஒரு நடிகையின் வாழ்க்கையை முதல் வாய்ப்பை வைத்து அளக்கக் கூடாது. ஐந்தாவது வாய்ப்பை வைத்து அளக்க வேண்டும். ஒரு படம் தோற்ற பிறகு அடுத்த படம் கிடைக்கிறதா? சேரியும் குப்பமும் இல்லாத கதைக்கு அழைக்கிறார்களா? மருத்துவராக, மென்பொருள் பொறியாளராக, பணக்கார வீட்டுச் செல்லப் பெண்ணாக, வில்லியாகக் கூட? எங்கள் பக்கத்துப் பெண் ஒருத்தி, காட்சித் தொடர்பியல் முடித்தவள், சென்னையில் ஒரு நடிகர் தேர்வுக்குப் போனாள். நன்றாக நடித்தாள் என்று பாராட்டியவர்கள், “ஹீரோயின் ஃப்ரெண்டு, இல்லேன்னா வீட்டு வேலைக்காரி கேரக்டர் வந்தா கூப்பிடுறோம்” என்று அனுப்பினார்கள். அந்த நிறுவனத்தின் பெயர் முக்கியமில்லை. எந்தக் கதவைத் தட்டியிருந்தாலும் பதில் இதுவாகத்தான் இருந்திருக்கும்.

“ரசிகர்கள் ஏற்க மாட்டார்கள்” என்பது தயாரிப்பாளர்களின் நிரந்தர வாதம். ‘சுந்தரி’ ஏறக்குறைய நான்கு ஆண்டுகள், இரண்டாம் பாகத்தோடு, 2024 வரை ஓடியது. இதே கதை கன்னடத்திலும் தெலுங்கிலும் மலையாளத்திலும் ஓடியது. ரசிகர்கள் ஏற்றுக்கொண்டார்கள். இனி அந்த வாதத்தை எடுப்பவர்கள் தங்கள் சொந்த வெறுப்பைத்தான் ரசிகர் பெயரில் எழுதுகிறார்கள்.

கேப்ரியல்லா என்ன சாதி, ரோஷினி என்ன சாதி என்று நான் தேடவில்லை. நடிகை பெயரைத் தட்டினாலே அடுத்த சொல்லாகச் சாதியை எடுத்துக் கொடுக்கிறது தேடுபொறி, அவ்வளவு பேர் தேடுகிறார்கள். அந்தக் கூட்டத்தில் நாம் சேரக் கூடாது. ஆனால் தன் சாதி தெரிந்த பிறகு ஒரு நடிகைக்கு என்ன நடக்கும் என்பதற்கு நம்மிடம் வரலாறு இருக்கிறது. மலையாளத்தின் முதல் படமான ‘விகதகுமாரன்’ நாயகி பி.கே. ரோசி, தலித் பெண். நாயர் பெண்ணாக நடித்ததற்காகத் திரையரங்கில் கல்லெறிந்தார்கள். அவர் ஊரைவிட்டே ஓடி, நாகர்கோவிலில் ராஜம்மாள் என்ற பெயரில் வாழ்ந்து முடித்தார். திரையில் மீண்டும் தோன்றவே இல்லை. இன்று நீலம் பண்பாட்டு மையம் அவர் பெயரில் திரைப்பட விழா நடத்துகிறது. அது அஞ்சலி மட்டுமில்லை, நினைவூட்டலும்கூட. யார் எந்தப் பாத்திரத்தில் நடிக்கலாம் என்பது இந்த நாட்டில் என்றுமே கலைப் பிரச்சினையாக மட்டும் இருந்ததில்லை.

நம் கோரிக்கைகள் எளிமையானவை. கருமை பூசும் ஒப்பனை நிற்க வேண்டும். கருப்பான நடிகைக்கு, நிறத்தைப் பற்றி ஒரு வசனம்கூட இல்லாத கதைகள் வேண்டும். நிறவெறுப்பைப் பேசும் கதை என்றால் அதன் வேரான சாதியையும் பேச வேண்டும். அதற்கு முகங்கள் மாறினால் போதாது. எழுத்தாளர் அறையிலும் இயக்குநர் நாற்காலியிலும் நடிகர் தேர்வு மேசைக்குப் பின்னாலும் ஒடுக்கப்பட்ட சாதிப் பெண்கள் உட்கார வேண்டும். வாசகர்களாகிய நாமும் “கருப்பா இருந்தாலும்” என்று பாராட்டும் பழக்கத்தை நம் நாவிலிருந்து முதலில் எடுக்க வேண்டும். அது நம் வீட்டிலும் புழங்குகிறது, இயக்கத் தோழர்கள் வீட்டிலும் புழங்குகிறது.

காளையார்கோவில் மண்ணில் வேலுநாச்சியாரோடு சேர்த்துச் சொல்லப்படும் பெயர் குயிலி. சேரிப்பெண்ணாக, வெள்ளையரின் ஆயுதக் கிடங்குக்குள் தீயாகப் பாய்ந்தவளாக மக்கள் அவளை நினைவில் வைத்திருக்கிறார்கள். நாளை யாரேனும் அவள் கதையைப் பெரிய செலவில் எடுக்கக்கூடும். அப்போது குயிலியாக யாரைத் தேர்ந்தெடுப்பார்கள், அவர் முகத்தில் என்ன பூசுவார்கள்? இப்போதே கேட்டு வைப்போம். படம் வெளிவந்த பிறகு கேட்டால் பதில் வராது.