கலையும் வாழ்வும்: ஊரார்க்கெல்லாம் சிற்றப்பா

பள்ளிப் படிவத்தில் ‘இண்ட்டிப் பேரு’ என்னும் குடும்பப் பெயரைக் கேட்கும்போது, அமீர்பேட்டில் வளரும் நம் பிள்ளைகள் விழிக்கின்றனர். தந்தை பெயரையும் ஊரையும் தலைப்பெழுத்தில் அடக்கும் நம் வழக்கம் இங்கே புதிது. பெயரைப் பற்றிய இக்கூச்சம் நீங்க, பம்பாய்த் திரையுலகின் நகைச்சுவை நடிகர் ஒருவரை இம்மாதம் நினைவுகூர்வோம்.

அவர் டேவிட் ஆபிரகாம் சேவுல்கர். கொங்கணக் கரையில் பல நூற்றாண்டுகளாக வாழ்ந்து, மராத்தி பேசிய ‘பெனே இஸ்ரேல்’ யூத இனத்தவர். செக்காட்டிப் பிழைத்த அம்மக்கள், ஓய்வுநாளாகிய சனிக்கிழமையில் செக்கைத் தொடார். ஆகவே அண்டை அயலார் அவர்களைச் ‘சனிக்கிழமை எண்ணெய்க்காரர்’ என்றே அழைத்தனர். அவர் பெயரின் ஈற்றிலுள்ள ‘சேவுல்கர்’ என்பதும் ஊரைக் குறிப்பதே.

பம்பாய்ப் பல்கலைக்கழகப் பட்டம் பெற்றும் அவருக்கு ஆண்டுக்கணக்கில் வேலை கிட்டவில்லை. 1937இல் திரையுலகில் நுழைந்தார். இந்திய மக்கள் நாடக மன்றத்தின் மேடையிலும் பங்கு கொண்டார். குள்ள உருவம், வழுக்கைத் தலை. கதாநாயகர் வேடத்திற்கு ஏற்ற தோற்றமன்று. ஆயினும் சிறு வேடங்களிலேயே நிலைத்த இடம் பெற்றார்.

அக்காலத்தில் யூத நடிகையர் பலர் வேறு பெயர் பூண்டனர். ரூபி மயர்ஸ் சுலோசனா ஆனார். எஸ்தர் ஆபிரகாம் பிரமீளா ஆனார். அது அவர்தம் தொழிலின் தேவை, குறை கூறுவதற்கில்லை. டேவிட் மட்டும் டேவிட்டாகவே இருந்தார்.

ராஜ் கபூர் தயாரித்து 1954இல் வெளிவந்த ‘பூட் பாலிஷ்’ படத்தில் அவர் ஜான் சாச்சா. ‘சாச்சா’ என்றால் சிற்றப்பா. தாம் கள்ளச்சாராயம் விற்பவராயினும், அநாதைச் சிறுவர் இருவரைப் ‘பிச்சை எடாதீர், உழைத்து உண்பீர்’ எனத் தேற்றும் வேடம். சிரிக்க வைத்துக்கொண்டே கண் கலங்கவும் செய்வார். சிறந்த துணை நடிகருக்கான பிலிம்பேர் விருது 1955இல் அவருக்குக் கிட்டியது. 1969இல் அரசு பத்மஸ்ரீ அளித்தது. 1979இல் வந்த ‘கோல்மால்’ படத்தில் நாயகனுக்கு யோசனை சொல்லும் மருத்துவரும் அவரே. அக்கதைதான் 1981இல் தமிழில் ‘தில்லு முல்லு’ ஆயிற்று. கனடாவின் டொராண்டோ நகரில் அவர் காலமானார்.

எண்ணிக்கையில் மிகச் சிறிய இனத்தில் பிறந்தவர், பெயரை மறைக்காமலே நாட்டுக் குழந்தைகளுக்கெல்லாம் சிற்றப்பாவானார். அண்டை வீட்டாரோடு தெலுங்கில் மனங்கலந்து பேசுவோம். பெயரைக் கேட்டால் நிமிர்ந்து முழுமையாகச் சொல்வோம். பிள்ளைகளுக்கும் அவ்வாறே பழக்குவோம்.