குர்பானித் தோலுக்கு ஏன் விலை இல்லை?

ஹஜ்ஜுப் பெருநாள் முடிந்ததும் திண்டுக்கல் பேகம்பூர் பக்கம் எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: "தோல் என்ன விலைக்குப் போச்சு ஹஜ்ரத்?" முன்பு மூன்று இலக்கத்தில் விற்ற ஆட்டுத் தோல் இரண்டு இலக்கத்துக்கு இறங்கிப் பல ஆண்டுகள் ஆகின்றன. அந்த வருமானத்தை நம்பிப் பிள்ளைகளின் சாப்பாட்டுச் செலவைப் போட்ட மத்ரஸாக்கள், இன்று தோல் சேகரிக்கும் ஆட்டோ வாடகைக்கே யோசிக்கின்றன. தோல் ஷாப்காரர்கள் கூடிப் பேசி விலையை அடிக்கிறார்கள் என்று பலர் சொல்கிறார்கள். அது மட்டுமே காரணம் என்று நாம் நினைக்கவில்லை.

தோலுக்காக யாரும் ஆடு வளர்ப்பதில்லை. அய்யலூர் வியாழச் சந்தையில் கறிக்குத்தான் விலை பேசுகிறார்கள். நம் ஊர் பிரியாணியைச் சொல்லவே வேண்டாம். ஆகவே வாங்க ஆள் குறைந்தாலும் தோல் வந்துகொண்டேதான் இருக்கும். பெருநாளில் ஒரேயடியாகக் குவியும்.

லெதர் சோபா மட்டும் அவ்வளவு விலை விற்கிறதே என்று கேட்கலாம். அது மாட்டுத் தோல், எருமைத் தோல். ஒரு தோல் 40 சதுர அடிக்கு மேலும் வரும். அதிகம் ஒட்டுப் போடாமல் இருக்கையை மூடலாம். அதிலும் முள்கம்பிக் கீறல், உண்ணிக்கடி, சூட்டுத் தழும்பு இல்லாததற்கே உச்ச விலை. மற்றதைத் தேய்த்துச் சாயம் பூசி மலிவாக விற்பார்கள். ஆட்டுத் தோல் பெரும்பாலும் 4, 5 சதுர அடிதான். செருப்புக்கும் பைக்கும் கையுறைக்கும் போகும். அந்த இடத்தையும் இப்போது ரெக்ஸின் வகைகள் பிடித்துக்கொண்டன.

கழிவுநீர்ச் செலவு இன்னொன்று. திண்டுக்கல், ரெட்டியார்சத்திரம் ஒன்றியங்களின் 13 கிராமங்களில் 467 கிணறுகளில் 350 கெட்டுவிட்டதாகக் கூறும் ஓர் ஆய்வை, 1996 தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் எடுத்துக்காட்டியது. சுத்திகரிக்காமல் ஷாப் நடத்த முடியாது என்றானது. அது நியாயமே, அந்தத் தண்ணீரைக் குடித்தவர்களும் நம் மக்கள்தான். ஆனால் அந்தச் செலவை வெளிநாட்டு வியாபாரியிடம் கேட்க முடியாதபோது, பச்சைத் தோலின் விலையில்தான் கழிக்கிறார்கள். 2025 ஆகஸ்டில் அமெரிக்கா 50 சதவீத வரி போட்டபோதும் சுமை இதே வழியில்தான் கீழே இறங்கும். அதே ஆண்டு பட்ஜெட்டில் குரோம் பதனிட்ட 'வெட் புளூ' தோலுக்கு இறக்குமதி வரி நீக்கப்பட்டது. உள்ளூர்த் தோலுக்கு அதுவும் போட்டி.

இவை நம் கையில் இல்லை. கத்தி நம் கையில் இருக்கிறது. அவசரத்தில் உரித்து ஓட்டை விழுந்த தோல், வெயிலில் நாலைந்து மணி நேரம் கிடந்து மயிர் கழலும் தோல், இவை தரம் பிரிக்கும்போதே ஒதுக்கப்படுகின்றன. நகர மஹல்லாக்கள் அறுத்த சூட்டோடு ஷாப்புக்கு அனுப்பிவிடலாம். வேடசந்தூர், வத்தலக்குண்டு பக்கம் உள்ளவர்கள் தோல் எடையில் பாதியளவு உப்பைத் தடவி நிழலில் வைக்க வேண்டும்.

விலை இல்லை என்பதால் அறுப்பவரிடமே தோலை விட்டுவிடும் பழக்கமும் பரவுகிறது. அதைக் கூலியில் கழிப்பது கூடாது. கூலியை முழுதாகப் பணமாகக் கொடுத்துவிட்டு, தோலைத் தனியே அன்பளிப்பாகக் கொடுக்கலாம்.