மாதிரி புரோகிராம் சுருக்கமாக இருந்தால் மட்டும் போதுமா?

விண்டோஸில் ஒரு ஃபோல்டரைத் திறந்து வைத்துக்கொண்டு, வேறொரு புரோகிராமிலிருந்து அதே ஃபோல்டருக்குள் ஒரு பைலை சேவ் செய்து பாருங்கள். எப்5 கீயை அழுத்தாமலேயே புதிய பைல் அந்த விண்டோவில் வந்து நிற்கும். எக்ஸ்ப்ளோரருக்கு இது எப்படித் தெரிந்தது? அது நொடிக்கு நொடி ஹார்ட் டிஸ்க்கைத் துழாவிக் கொண்டிருக்கவில்லை. 'இந்த ஃபோல்டரில் ஏதாவது நடந்தால் எனக்குச் சொல்' என்று ஆப்பரேட்டிங் சிஸ்டத்திடம் முன்பே பதிவு செய்து வைத்திருக்கிறது. உங்கள் போட்டோக்களை வேறொரு டிஸ்க்கில் தானாகவே பேக்கப் எடுக்கும் பல புரோகிராம்களும் இந்த வசதியை நம்பித்தான் ஓடுகின்றன.

லினக்ஸில் இந்த வசதிக்குப் பெயர் ஐநோட்டிஃபை. ஜான் மெக்கட்சனும் ராபர்ட் லவ்வும் எழுதிய இது, 2005 ஆகஸ்டில் வந்த 2.6.13 கெர்னலில் சேர்ந்தது. அதற்கு முன் டிநோட்டிஃபை என்று ஒன்று இருந்தது. அதில் கண்காணிக்கும் ஒவ்வொரு ஃபோல்டரையும் திறந்தபடியே வைத்திருக்க வேண்டும். அதனால் சிடியில் உள்ள ஒரு ஃபோல்டரைக் கண்காணித்தால், சிடியை வெளியே எடுக்க முடியாது! ஐநோட்டிஃபை அந்தத் தொல்லையைத் தீர்த்தது. சி மொழியில் இதைப் பயன்படுத்துவதும் சுலபம். ஐநோட்டிஃபையைத் தொடங்கி வைக்க ஒரு பங்ஷன், எந்த ஃபோல்டர் என்று சொல்ல ஒரு பங்ஷன், பிறகு சாதாரண பைலைப் படிப்பது போல 'ரீட்' செய்தால் நடந்தவை ஒவ்வொன்றாக வந்து விழும். முப்பது நாற்பது வரிகளில் மாதிரி புரோகிராம் தயார்.

என் குறை இந்த மாதிரி புரோகிராம்களைப் பற்றித்தான். பாடமாக எழுதப்படும் பெரும்பாலானவை, எல்லாம் நல்லபடியாக நடக்கும் நாளுக்காக மட்டுமே எழுதப்பட்டவை. 'பிழை சோதனைகள் இடம் கருதி விடப்பட்டுள்ளன' என்று ஒரு வரி இருக்கும். சிலவற்றில் அதுவும் இருக்காது. நான் படித்த இன்ஜினியரிங் கல்லூரியின் சி லேபிலும் இதே கதைதான். ஸ்கிரீனில் அவுட்புட் வந்தால் ரெக்கார்ட் நோட்டில் கையெழுத்து கிடைக்கும். பைல் திறக்காவிட்டால் என்ன ஆகும் என்று எந்த எக்ஸ்டர்னலும் கேட்டதில்லை. அப்படிப் படித்தவர்கள்தான் நாளை உங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரில் ஓடும் புரோகிராமை எழுதப் போகிறார்கள்.

இதனால் என்ன நஷ்டம் என்று கேட்கலாம். எனக்குத் தெரிந்த ஒரு போட்டோ ஸ்டூடியோவில், கல்யாணப் படங்களை கேமரா கார்டிலிருந்து லினக்ஸ் கம்ப்யூட்டருக்கு காப்பி செய்வார்கள். இலவசமாகக் கிடைத்த ஒரு சிறிய புரோகிராம் அந்த ஃபோல்டரைக் கண்காணித்து, வருகிற ஒவ்வொரு படத்தையும் இன்னொரு டிஸ்க்கில் போட்டு வைக்கும். ஒரு நாள் முதல் டிஸ்க் பழுதானது. பேக்கப் இருக்கிறதே என்று நிம்மதியாகத் திறந்தார்கள். கார்டில் மூன்று ஃபோல்டர்கள். முதல் ஃபோல்டரில் எல்லாப் படங்களும் இருந்தன. இரண்டாவதிலும் மூன்றாவதிலும் ஆரம்பத்துப் படங்கள் வரிசையாகக் காணோம். முகூர்த்தப் படங்கள் அந்த இரண்டாவது ஃபோல்டரில். கார்டும் அதற்குள் அடுத்த கல்யாணத்துக்குப் போய்விட்டிருந்தது. ஒரு எர்ரர் மெசேஜ் கூட வந்ததில்லை.

புரோகிராமின் மூல நிரல் கிடைத்ததால் திறந்து பார்த்தேன். ஐநோட்டிஃபை ஒரு ஃபோல்டரை மட்டும்தான் கண்காணிக்கும். அதற்குள் இருக்கும் ஃபோல்டர்களைத் தானாகக் கண்காணிக்காது. புதிதாக ஒரு ஃபோல்டர் உருவானது என்று செய்தி வந்ததும், அதற்கும் தனியாகப் பதிவு செய்ய வேண்டும். புரோகிராம் அதைச் செய்தது. ஆனால் முதல் ஃபோல்டரின் படங்களை இன்னொரு டிஸ்க்குக்கு மாற்றுவதில் அது மும்முரமாக இருந்த நேரத்தில் இரண்டாவது ஃபோல்டர் உருவாகி, படங்களும் வந்து விழத் தொடங்கிவிட்டன. பதிவு செய்வதற்கு முன் வந்த படங்களைப் பற்றி எந்தச் செய்தியும் வராது. பதிவு செய்தவுடன் அந்த ஃபோல்டரில் ஏற்கெனவே என்ன இருக்கிறது என்று ஒரு முறை பார்த்துவிட்டால் போதும், பத்துப் பதினைந்து வரி வேலை. லினக்ஸின் மேன் பக்கத்திலேயே இந்த எச்சரிக்கை இருக்கிறது. ஆனால் மாதிரி புரோகிராமைப் பார்த்து எழுதுகிறவர் மேன் பக்கத்தின் கடைசி வரை போவதில்லை.

இது ஒன்று மட்டுமல்ல. பைல் 'உருவானது' என்ற செய்தி வந்ததும் அதை காப்பி செய்யச் சொல்லும் மாதிரிகளைப் பார்க்கிறேன். பெயர் உருவான நொடியில் வருகிற செய்தி அது. உள்ளே ஒரு பைட் கூட எழுதப்படாமல் இருக்கலாம். 700 எம்பி வீடியோவாக இருந்தால் பேக்கப்பில் பாதி வீடியோதான் இருக்கும். எழுதி முடித்து மூடப்பட்டது என்று சொல்வதற்கு 'குளோஸ் ரைட்' என்று தனிச் செய்தியே இருக்கிறது. அதைக் காத்திருந்து வாங்க ஒரு வார்த்தையை மாற்றினால் போதும்!

அடுத்தது வரிசை நிரம்புவது. புரோகிராம் படிப்பதற்காகக் காத்திருக்கும் செய்திகளை கெர்னல் ஒரு வரிசையில் வைத்திருக்கும். வழக்கமான அளவு 16,384. அதற்கு மேல் வருபவை தூக்கி எறியப்படும். 'வரிசை நிரம்பி வழிந்தது' என்று ஒரே ஒரு செய்தி மட்டும் வரும். அதைப் பார்த்தால் முழு ஃபோல்டரையும் மறுபடி அலசுவதைத் தவிர வேறு வழியில்லை. நான் பார்த்த மாதிரிகளில் பாதிக்கு மேல் இந்தச் செய்தியின் பெயரே கிடையாது. விண்டோஸிலும் இதே பிரச்சினை உண்டு. அங்கே பஃபர் நிரம்பினால், வந்த தகவல் பூஜ்யம் பைட் என்று காட்டும். பூஜ்யம்தானே என்று புரோகிராம் விட்டுவிட்டால் அவ்வளவுதான். மேக்கில் 2007 முதல் இருக்கும் எஃப்எஸ்ஈவன்ட்ஸிலும் 'முழுவதையும் மறுபடி பார்' என்று ஒரு குறிப்பு வரும். ஆக, எந்தக் கம்பெனியின் ஆப்பரேட்டிங் சிஸ்டமும் 'எல்லாவற்றையும் தவறாமல் சொல்வேன்' என்று வாக்குக் கொடுக்கவில்லை. மாதிரி புரோகிராம்கள்தான் அப்படிக் கொடுத்தது போல எழுதப்படுகின்றன.

இன்னொரு வேடிக்கை. ஒரு யூசர் எத்தனை ஃபோல்டர்களைக் கண்காணிக்கலாம் என்பதற்கு லினக்ஸில் வரம்பு உண்டு. பல ஆண்டுகள் அது 8,192 ஆக இருந்தது. 2021-ல் வந்த 5.11 கெர்னலிலிருந்து ரேம் அளவைப் பொறுத்துக் கூடுகிறது. வரம்பைத் தாண்டினால் வரும் மெசேஜ் என்ன தெரியுமா? டிவைஸில் இடம் இல்லை என்று! டிஸ்க்கில் 200 ஜிபி காலியாக இருக்கும்போதே இப்படி வரும். இதை நம்பிப் பழைய படங்களை டெலிட் செய்தவர்கள் உண்டு. மாதிரி எழுதியவர் இதற்கு ஒரு வரி விளக்கம் சேர்த்திருக்கலாம்.

'எல்லாச் சோதனைகளையும் சேர்த்தால் நாற்பது வரி நூற்றைம்பது வரியாகிவிடும், புதியவர் மிரண்டுவிடுவார், முதலில் கருத்து புரியட்டும்' என்று என்னோடு வேலை பார்க்கும் நண்பர் ஒருவர் வாதாடுவார். அதில் நியாயம் இருக்கிறது. சி மொழியை இன்றுதான் தொடுகிறவருக்கு நானும் நாற்பது வரியைத்தான் காட்டுவேன். ஆனால் அதற்கு அடுத்த பக்கத்திலேயே நூற்றைம்பது வரியும் இருக்க வேண்டும். காரணம், மாதிரியை யாரும் படித்துவிட்டுத் தூக்கிப் போடுவதில்லை. காப்பி, பேஸ்ட் செய்து பெயரை மாற்றி வேலையில் போட்டுவிடுகிறார்கள். இப்போது ஏஐ கருவியிடம் கேட்டு வாங்கும் புரோகிராமும் ஏற்கெனவே எழுதி வைத்தவற்றைப் பார்த்துக் கற்றதுதான். அவற்றில் இல்லாத சோதனை அதில் வரும் என்று எதிர்பார்க்க எனக்குத் தைரியமில்லை. இரண்டில் ஒன்றுக்குத்தான் இடம் என்றால், நீளமானதைப் போடுங்கள் என்பேன்.

புரோகிராம் எழுதாத உங்களுக்கும் இதில் ஒரு வேலை இருக்கிறது. தானாக பேக்கப் எடுக்கும் புரோகிராம் எதையாவது வைத்திருந்தால், இந்த ஞாயிற்றுக்கிழமை அரை மணி நேரம் ஒதுக்குங்கள். கண்காணிக்கப்படும் ஃபோல்டருக்குள், ஃபோல்டருக்குள் ஃபோல்டராக நான்கைந்து அடுக்கு உள்ள ஒரு போட்டோ தொகுப்பை ஒரே மூச்சில் காப்பி செய்யுங்கள். கூடவே ஒரு பெரிய வீடியோவையும் போடுங்கள். காப்பி ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒரு ஃபோல்டரின் பெயரை மாற்றிப் பார்க்கலாம். ஆனால் அதைத் தனியாக, இரண்டாவது முறை செய்யுங்கள், இல்லாவிட்டால் எதனால் தவறியது என்று தெரியாது. பேக்கப் முடிந்ததும் இரண்டு பக்கமும் ஃபோல்டரின் மேல் ரைட் கிளிக் செய்து பிராபர்ட்டீஸ் பாருங்கள். பைல்களின் எண்ணிக்கையும் மொத்த பைட்டும் ஒன்றாக இருக்க வேண்டும். டிஸ்க்கில் பிடித்த இடம் என்று காட்டுவது மாறலாம், அதை விட்டுவிடுங்கள். எண்ணிக்கை குறைந்தால், வாரம் ஒரு முறை முழு ஃபோல்டரையும் ஒப்பிட்டுப் பார்க்கும் வசதி அந்த புரோகிராமில் இருக்கிறதா என்று செட்டிங்ஸில் தேடுங்கள். இல்லையென்றால் வேறு புரோகிராமுக்கு மாறுங்கள், அதுவரை கேமரா கார்டை ஃபார்மட் செய்யாதீர்கள்.