கடனா, கயமையா?

மேலூர்ப் பக்கத்தில் பெரியாற்றுக் கால்வாய் நீர் கடைமடைக்கு வாராத ஆண்டில், வைப்பகத்தில் கடன் பெற்ற உழவனின் தவணையும் வாராது போகும். அவன் கடனாளி, கயவன் அல்லன். அதே வைப்பகத்தில் இல்லாத நிறுவனத்தின் பெயரில் தாள் தீட்டியும், பித்தளையைப் பொன்னென்று எடைபோடச் செய்தும் பணம் கறந்தவன் வேறு. இவ்விருவரையும் வேறு பிரித்துக் காட்டுவதே குற்றவியல் மன்றத்தின் தலையாய வேலை. அஃது எளிய வேலையன்று.

கடன் திரும்பவில்லை என்பது மட்டும் குற்றமாகாது. கடனைக் கேட்ட அந்நொடியிலேயே ஏமாற்றும் உள்ளம் இருந்ததா என்பதே வினா. 2000-ஆம் ஆண்டில் இருதய ரஞ்சன் பிரசாத் வர்மா வழக்கில் உச்ச அறமன்றம் இதனைத் தெளிவாக வரையறுத்தது. பழைய தண்டனைச் சட்டத்தின் 420-ஆம் பிரிவு, 2024 சூலை 1 முதல் புதிய சட்டத்தின் 318-ஆம் பிரிவுக்குள் சென்றது. வினா மட்டும் மாறவில்லை.

உள்ளத்தை எவர் திறந்து பார்ப்பது? தாள்கள்தாம் பேச வேண்டும். விண்ணப்பத்தில் காட்டிய வருவாய் பொய்யா, அடகு வைத்த நிலம் முன்பே பிறரிடம் அடகில் இருந்ததா, மதிப்பீட்டாளர் நிலத்தைக் கண்டாரா, பணம் வந்த மறுநாளே எவர் கணக்கிற்குத் தாவியது என ஒவ்வொன்றையும் மெய்ப்பித்தாக வேண்டும். 1891-ஆம் ஆண்டின் வைப்பகக் கணக்கேட்டுச் சான்றுச் சட்டத்தின்படி உறுதி செய்யப்பட்ட படி சான்றாகும். ஆயினும் கணக்கேட்டுப் பதிவு ஒன்றே ஒருவன் தலையில் பொறுப்பைச் சுமத்தப் போதாது. கணிப்பொறிப் படிக்கு உரிய சான்றிதழ் கட்டாயம் என்று 2020-இல் உச்ச அறமன்றம் உறுதிப்படுத்தியது. அச்சிறு தாளை இணைக்க மறந்தால், பெருந்திருடனும் நெஞ்சு நிமிர்த்தி வெளியே போவான்!

வலியவனுக்கு இன்னொரு வாயிலும் உண்டு. பிடிபட்டபின் வைப்பகத்தோடு பேசி, ஒரு பகுதியைக் கட்டி, 'பாக்கி இல்லை' என எழுதி வாங்கி, வழக்கை நீக்கக் கேட்பான். 2008-இல் நிகில் மெர்ச்சண்ட் வழக்கில் இவ்வழி திறந்தது. 2014-இல் மராட்டிய அரசின் மேல்முறையீட்டில், பொய் நிறுவனங்களின் பெயரால் கடனுறுதி மடல்கள் பெற்ற வழக்கொன்றை அவ்வாறு முடிக்க உச்ச அறமன்றம் மறுத்துவிட்டது. அது குமுகாயத்திற்கே இழைத்த தீங்கு என்றது. 2023 சூன் 8-இல் இந்திய ஏம வைப்பகம் ஏமாற்றுக் கணக்குகளிலும் உடன்பாடு செய்யலாம் என இசைந்தது. குற்ற வழக்கு தனியே தொடரும் என்றும் அதே சுற்றறிக்கை கூறுகிறது. பணத்தைப் பெற்றுக்கொண்ட வைப்பகம் பின்னர் எத்துணை ஊக்கத்தோடு சான்று கூற வரும் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

இனி மொழியைப் பார்ப்போம். கைந்நாட்டிட்ட உழவன் கீழ்மன்றத்தில், "என்ன எழுதியிருந்தது என்று எனக்குத் தெரியாது" என்று தமிழில் சொன்னால், அது வழக்கின் உயிர்நாடி. அவன் ஏமாற்றினானா, ஏமாற்றப்பட்டானா என்பது அச்சொல்லில்தான் தொங்குகிறது. 2004 சூலை 24-இல் மதுரையில் உயர்மன்றக் கிளை எழுந்தது; வழக்குக்காகச் சென்னை வரை நடந்த தென்னாட்டவரின் தொலைவு குறைந்தது. ஆனால் அங்கே மேல்முறையீடு செல்லும்போது அவ்வுழவனின் சொல் ஆங்கிலமாக்கப்படுகிறது. 2006-இல் தமிழக சட்டமன்றம் உயர்மன்றத்தில் தமிழ் வேண்டுமெனத் தீர்மானித்தும் நடுவணரசு இசையவில்லை. இராசத்தான், உத்தரப் பிரதேசம், மத்தியப் பிரதேசம், பீகார் உயர்மன்றங்களில் இந்திக்கு இடமுண்டு. மதுரையிலோ, தன் விடுதலை எந்தச் சொல்லில் தங்கியுள்ளதோ, அச்சொல் எவ்வாறு பெயர்க்கப்பட்டது என்பதை அவ்வுழவனால் படித்தறிய இயலாது.