வேகம் வேணாம் சாமி, சொன்ன நேரத்துக்கு வந்தா போதும்!

கொல்கத்தாவுல சரக்குப் போக்குவரத்து வேலை பாக்குறேன் மக்களே. நேபாளத்துக்குக் கடல் கிடையாது. இங்க துறைமுகத்துல இறங்குற கன்டெய்னர், ரக்சால் எல்லை தாண்டி பீர்கஞ்ச் உலர்துறைமுகத்துக்கு ரயில்ல போகுது. சுமார் 700 கி.மீ.

"போட்டி வந்தா எல்லாம் சரியாயிடும்"னாங்க. 2021ல ஒப்பந்தத்தைத் திருத்தி, தனியார் சரக்கு ரயிலுக்கும் வழி விட்டாச்சு. நல்லதுதான். ஆனா இறக்குற யார்டுல இடமில்லேன்னா, எத்தனை கம்பெனி ஓட்டினாலும் எல்லையில வரிசைதானே?

குறிச்ச நாளுக்கு மேல கன்டெய்னர் நின்னா கப்பல் கம்பெனி வாடகை போடும். அது கடைசியில காத்மாண்டுல சோப்பு வாங்குறவர் தலையிலதான் விடியும்.

கஸ்டம்ஸ், ரெண்டு நாட்டு ரயில்வே, யார்டு எல்லாரும் ஒரே அட்டவணையைப் பாருங்கய்யா! காலி வண்டி திரும்புறதையும் அதுலயே எழுதுங்க. நம்ம கோரமண்டலுக்கு மேற்கு வங்கம், ஒடிசா, ஆந்திரா ஆளுக்கொரு டைம்டேபிள் போட்டா, பொங்கலுக்கு ஊர் போய்ச் சேர்வோமா?