மைதானத்தைப் பூட்டாதே, விளக்கைப் போடு!



மாலை ஐந்தரைக்கு மேல் நம் கல்லூரி மைதானத்துக்குப் பெண்கள் வரக் கூடாது என்று அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறார்கள். காலை ஆறரைக்கு முன்னால் விடுதிக் கதவும் திறக்காதாம். இந்தத் தாள் ஏன் வந்தது என்று உங்களில் பலருக்குத் தெரியும். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்.

போன வாரம் நான் கடைசிச் சுற்றில் இருந்தேன். ஹெட்லைட்டை அணைத்துவிட்டு ஒரு பைக் என் பின்னால் வந்தது. சத்தம் நெருங்க நெருங்க, ஓடுபாதையை விட்டு விலகிச் சீமைக்கருவேலத்துக்குள் பாய்ந்தேன். முள் கேன்வாஸ் ஷூவைத் துளைத்து உள்ளங்காலில் ஏறியது. அதைப் பிடுங்கவும் நிற்காமல் நொண்டிக்கொண்டே கேட்டை நோக்கி ஓடினேன். வாட்ச்மேன் அண்ணன் டார்ச்சைத் தூக்கிக்கொண்டு வந்து சேர்வதற்குள், மதில் இடிந்துகிடக்கும் பக்கமாக பைக் வெளியே போய்விட்டது. மறுநாள் எழுதிக் கொடுத்தேன். மதிலைக் கட்டவில்லை. விளக்கைப் போடவில்லை. தாளை ஒட்டினார்கள்.

"ஏத்தா, விடிஞ்ச பெறகு ஓடுனா ஆகாதா?" என்று வீட்டில் கேட்கிறார்கள். ஆகாது. அருப்புக்கோட்டையிலும் திருச்சுழியிலும் பங்குனி, சித்திரையில் காலை எட்டு மணிக்கே வெயில் தலையைப் பிளக்கிறது. இந்தக் கரிசக்காட்டில் ஓடுகிறவர்களுக்கு வெயில் விட்டுவைத்திருப்பது விடியலுக்கு முந்தின இருட்டும் அந்திக்குப் பிந்தின இருட்டும்தான். நாம் பொழுதுபோக்குக்கு ஓடவில்லை. இரண்டாம் நிலைக் காவலர் தேர்வில் ஒரு பெண் 400 மீட்டரை இரண்டரை நிமிடத்தில் ஓடி முடிக்க வேண்டும். மத்திய ஆயுதப் படைகளின் காவலர் தேர்வுக்கு 1.6 கிலோமீட்டரை எட்டரை நிமிடத்தில். நரிக்குடிப் பக்கமிருந்து முதல் பஸ் பிடித்து வருகிறவளுக்கு அந்த எட்டரை நிமிடம்தான் ஒரு குடும்பத்தின் அரிசி. மைதானத்தைப் பூட்டினால் அவளுடைய வேலையைப் பூட்டுகிறார்கள். மதுரைச் சக்கிமங்கலத்தில் பாட்டி வளர்த்த ரேவதி வீரமணி வெறுங்காலோடு ஓடத் தொடங்கி, 2021இல் டோக்கியோ ஒலிம்பிக் தொடர் ஓட்டம்வரை போனார். அவரையும் ஐந்தரை மணிக்கு அறைக்குள் அடைத்திருந்தால்?

ஆபத்து இல்லை என்று நான் சொல்லவில்லை. 2024 டிசம்பர் 23ஆம் தேதி இரவு, சென்னையின் நடுவில், கிண்டி அண்ணா பல்கலைக்கழக வளாகத்துக்குள்ளேயே ஒரு மாணவி பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார். வெளியாள் உள்ளே வந்து, மிரட்டி, அதைச் செய்தான். அந்த மாணவி மறுநாளே புகார் கொடுத்தார். அந்தத் துணிச்சலுக்கு நாம் எழுந்து நிற்க வேண்டும். அவருடைய அடையாளம் தெரியும்படி முதல் தகவல் அறிக்கையே வெளியே கசிந்தது. உயர் நீதிமன்றம் மூன்று பெண் ஐபிஎஸ் அதிகாரிகள் கொண்ட குழுவை அமைத்து, அவருக்கு 25 லட்சம் ரூபாய் இடைக்கால நிவாரணம் கொடுக்கச் சொன்னது. 2025 ஜூன் 2ஆம் தேதி, குறைந்தது 30 ஆண்டு வெளியே வர முடியாத ஆயுள் தண்டனை அவனுக்கு விழுந்தது. தண்டனை வந்தது, சரி. ஆனால் தலைநகரத்து வளாகத்திலேயே அப்படி நடக்குமென்றால், கம்பத்துக்கு ஒரு டியூப்லைட் மினுக்கிக்கொண்டிருக்கும் நம் மைதானத்தை எண்ணிப் பாருங்கள்.

2024 பிப்ரவரியில் அமெரிக்காவின் ஜார்ஜியா பல்கலைக்கழக வளாகத்தில், காலையில் ஓடப் போன லேக்கன் ரைலி என்ற 22 வயது நர்சிங் மாணவி ஓடுபாதை ஓரத்தில் கொல்லப்பட்டார். அது பகல் வேளை. அதன் பிறகு அந்தப் பல்கலைக்கழகம் விளக்குக்கும் கேமராவுக்கும் அவசர அழைப்புக் கம்பங்களுக்கும் 70 லட்சம் டாலருக்கு மேல் ஒதுக்கியது. ஓர் உயிர் போன பிறகு. நாம் அதற்கு முன்னாலேயே கேட்கிறோம், அதுவும் சில கம்பங்களைத்தான் கேட்கிறோம். திருச்சுழிக்குப் பக்கத்துக் கமுதியில் 648 மெகாவாட் சூரிய மின்நிலையம் 2016இலேயே வந்துவிட்டது. அதே வெயில்தான் நம் தலையிலும் காய்கிறது. நான்கு சோலார் விளக்குக்கு வழியில்லையா?

கேட்பதற்கு நமக்குச் சட்டமும் இருக்கிறது. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2015ஆம் ஆண்டு விதிமுறைகளைப் படியுங்கள். வளாகத்தில் போதிய வெளிச்சம் வேண்டும், காவலர்களில் பெண்களும் போதிய அளவில் வேண்டும் என்று அதில் இருக்கிறது. பாதுகாப்பைக் காரணம் காட்டிப் பெண்கள் விடுதிக்கு மட்டும் தனிக் கட்டுப்பாடு போடக் கூடாது என்பதும் அதிலேயே இருக்கிறது. ஒட்டியிருக்கும் தாள் அந்த விதிக்கு நேர் எதிரானது. நிர்வாகத்திடம் இதை நாம் மரியாதையாக, எழுத்தில், உள்ளகப் புகார்க் குழுவுக்கும் நகல் வைத்துச் சொல்வோம். பதில் வராவிட்டால் திங்கள்கிழமை குறைதீர் கூட்டத்துக்கு விருதுநகர் கலெக்டர் ஆபீஸுக்கு பஸ் ஏறுவோம். ஒரு மனு போதாது. ஓடுகிறவர்கள் ஒவ்வொருவரும் ஒரு மனு.

ஆண் தோழர்களே, நீங்கள் எங்களுக்குக் காவல் நிற்க வேண்டாம், கூட ஓடுங்கள். உங்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். நான்குவழிச் சாலை ஓரத்தில் கறுப்பு டீ-ஷர்ட் போட்டுக்கொண்டு, காதில் பாட்டு வைத்துக்கொண்டு விடியற்காலையில் ஓடுவதை இன்றோடு விடுங்கள். லாரிக்காரருக்கு நீங்கள் கண்ணுக்கே தெரியமாட்டீர்கள். சாலையில் ஓடித்தான் ஆக வேண்டுமென்றால் வெள்ளைச் சட்டையோடு, எதிரே வரும் வண்டியைப் பார்த்தபடி வலப்பக்கமாக ஓடுங்கள். மைதானத்துக்கு வெளிச்சம் வந்தால் அந்தச் சாலையும் உங்களுக்குத் தேவையில்லை. பொழுது சாய்ந்ததும் சூடு தேடி ஓடுபாதையில் வந்து படுக்கும் விரியனையும் அப்போது தூரத்திலேயே பார்த்துவிடலாம்.

விளக்கு வரும்வரை ஒருத்தியும் தனியாக ஓட வேண்டாம். இரண்டு பேராவது சேர்ந்து ஓடுவோம். போனில் 'காவல் உதவி' செயலியை இன்றே ஏற்றிக்கொள்ளுங்கள். 112, 181 இரண்டையும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். யாருக்கு எது நடந்தாலும் "நீ ஏன் அந்நேரம் அங்கே போனாய்" என்ற கேள்வி நம் வாயிலிருந்து வரக் கூடாது.

இந்த ஞாயிற்றுக்கிழமை, ஆறரைக்கு விடுதிக் கதவு திறந்ததும், எல்லாரும் மைதானத்துக்கு வாருங்கள். ஓடுபாதையின் இருபக்கமும் பத்தடிக்குச் சீமைக்கருவேலத்தை எடுக்கப்போகிறோம். வெட்டிவிட்டால் மறுபடி துளிர்க்கும், வேரோடு பிடுங்க வேண்டும். இரண்டு நாள் மழையில் கரிசல் இளகிக்கிடக்கிறது. இன்னொரு வாரம் வெயில் அடித்தால் கடப்பாரை இறங்காது, அதனால்தான் இந்த ஞாயிறு. அனுமதிக் கடிதம் கொடுத்தாயிற்று. வீட்டில் மண்வெட்டி, கடப்பாரை, அரிவாள் இருந்தால் கொண்டுவாருங்கள். ஒன்றும் இல்லாதவர்கள் ஒரு பழைய சாக்காவது எடுத்து வந்து கையில் சுற்றிக்கொள்ளுங்கள். அந்த முள் ஏறினால் எளிதில் ஆறாது, என் கால் இன்னும் வீங்கித்தான் இருக்கிறது.