சிற்றலை கற்பிக்கும் பாடம்

மாலை வேளையிற் கடற்கரைக்குச் சென்று காற்று வாங்குதல் சென்னை மாணவர்க்கு நெடுநாளைய வழக்கம். ஆயினும் கடலைக் கண்டோர் நம்முட் பலர். அறிந்தோர் மிகச் சிலர். குளிக்க இறங்கிய மாணவரை அலை இழுத்துச் சென்றது என்னும் துயரச் செய்தியை நாளிதழ்களில் அடிக்கடி படிக்கின்றோம். பெரியோர் இதற்குக் கூறும் பரிகாரம், "கடலில் இறங்காதே" என்னும் ஒரே வார்த்தையாம். அவ்வார்த்தை அன்பினின்று பிறந்ததே. ஆனால், விலக்கு மட்டும் அறிவைத் தருமோ? கோடைக் காலத்து விடியலில், சிற்றலைகளின் நடுவே, தக்க ஆசிரியரிடம் கடலைக் கற்றலே நலமென்பது நமது அபிப்பிராயம்.

சென்னைக்குத் தெற்கே சுமார் 40 கிலோமீட்டர் தூரத்திலுள்ள கோவளம் என்னும் மீனவர் கிராமத்தில் இக்கல்வி நடைபெறுகின்றது. 2013-ம் ஆண்டில் அங்கே அலைச்சறுக்கு விழாவொன்றும் நிகழ்ந்தது. பலகையின்மேல் நின்று அலையோடு கரைசேரும் இவ்விளையாட்டை நகரத்தார்க்குக் கற்பிப்போர் அவ்வூர் மீனவ இளைஞரே.

விடியலைத் தெரிந்தெடுப்பதற்குக் காரணமுண்டு. இரவில் நிலம் கடலினும் விரைவாகக் குளிர்தலால், காற்று நிலத்தினின்று கடலை நோக்கி மெல்ல வீசும். அதனால் அலையின் முகம் சுருக்கமின்றி வழவழப்பாக நிற்கும். வெயிலேறிக் கடற்காற்றுத் தொடங்கினால் நீர்ப்பரப்புக் கலைந்துவிடும்.

சிற்றலையை விரும்புவதற்கும் காரணமுண்டு. அலையானது தன் உயரத்தைவிடச் சிறிதே மிகுந்த ஆழமுள்ள இடத்தை அடைந்ததும் உடையும் இயல்பினது. ஆகவே பேரலை தொலைவிலும், சிற்றலை கரையோரத்திலும் உடையும். முழங்காலளவு அலையில் பயில்வோன் விழுந்தாலும், கால் ஊன்றி எழக்கூடிய நீரிலேயே விழுகின்றான். பலகையிற் குப்புறப் படுத்துக் கைகளால் நீரைத் தள்ளுதல், அலை பின்னின்று தூக்குங்கால் காலூன்றி எழுதல், பார்வையைக் கரைமேல் நிறுத்துதல் ஆகியவற்றை ஒரே காலையிற் பல முறை முயன்று பார்க்கலாம். பேரலையோ ஒரு முறைக்குமேல் இடங்கொடாது.

இவற்றினும் மேலான பாடம் ஒன்றுண்டு. அலைகள் கரைக்குக் கொணர்ந்த நீர், ஒடுங்கிய ஓடை போல ஓரிடத்திற் கூடிக் கடலுக்குத் திரும்புவதுண்டு. அவ்விடத்தில் அலை உடையாது தணிந்து தோன்றும். அறியாதார் அதனையே குளிக்கத் தக்க அமைதியான இடமென்று மயங்குவர். அவ்வோட்டத்தை எதிர்த்துக் கரைநோக்கி நீந்துவோர் களைத்து மூழ்குவர். கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி அதனைக் கடந்தபின் திரும்புதலே வழி. அகப்பட்டோன் பதறாது மிதந்து, உதவி வேண்டிக் கையை உயர்த்துதல் வேண்டும். இதனை அறியாமையால் எத்தனை தாய்மார் கண்ணீர் வடித்தனரோ!

இஃது அயல்நாட்டு விளையாட்டன்றோ எனச் சிலர் ஆட்சேபிக்கலாம். மெய்தான், ஹவாய்த் தீவினர் வளர்த்த கலை இது. 1912-ல் ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கில் நீச்சலுக்குப் பொற்பதக்கம் பெற்ற ஹவாய் வீரர் டியூக் கஹானமோக்கு, பின்னர் ஆஸ்திரேலியாவிலும் இதனை நிகழ்த்திக் காட்டினார். ஜப்பானில் 2021-ல் நடந்த ஒலிம்பிக் போட்டிகளில் இது முதன்முறையாக இடம்பெற்றது. எனினும் கட்டுமரத்தில் அலையைக் கடந்து செல்லவும், அலையோடு கரைசேரவும் நம் மீனவர் அறியாதவரோ? பலகை புதிது, அலையறிவு பழையது.

அவ்வறிவை நாம் கல்வியென்று மதித்தோமில்லை. ஏட்டைக் கற்றவன் ஆசிரியன், வலையை வீசுபவன் பாமரன் என்று பிரித்து வைத்தோம். கோவளத்து நீரிலோ பட்டதாரி மாணாக்கனாகின்றான். மீனவ இளைஞன் குருவாகின்றான். இம்மாற்றம் நம் செருக்கிற்கு மருந்தாம்.

ஆதலின், கலாசாலைகள் மாணவ மாணவியர்க்கு முதலில் நீச்சலையும், பின்னர் கோடை விடியல்களிற் கடலறிவையும் மீனவ ஆசிரியரைக் கொண்டே கற்பிப்பனவாக. அவர்தம் உழைப்பிற்குத் தக்க ஊதியமும், குருவிற்குரிய மரியாதையும் அளிக்கப்படுவனவாக. அலை ஓய்ந்தபின் தலைமுழுகக் காத்திருப்பாரைப் பழமொழி நகையாடுகின்றது. அலை ஓயாது, அது சிறுத்திருக்கும் காலத்திலேயே கற்றுக்கொள்வோமாக.